பக்கத்து நாற்காலிக்காரி

1.2.1982, திங்கள்

உறைபனி. வாசல் புல்லெல்லாம் வெள்ளை. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தோணி கந்தலைக் கொளுத்திக் குழாய்க்குச் சூடு காட்டினார். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை. வீட்டில் மட்டும் மனுஷனுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பேருமே தாமதம்.

வாங்க: மண்ணெண்ணெய், ரவை, அந்.க்கு மப்ளர் (பழையதை எலி கடித்துவிட்டது).

ஆஸ்பத்திரியில் புதுசு வந்துவிட்டது. பெயர் செல்வராணி. ஒரு தடவை எழுதியாயிற்று, போதும். இனி ‘புதுசு’தான். வயது இருபத்து மூன்று. பல் சுத்தம் செய்ய நான் படித்த அதே மெட்ராஸ் ஹைஜீனிஸ்ட் படிப்பு. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா, அம்மா கீழ்மலையில் காப்பித் தோட்டத்துக் கூலி. ஒல்லி. சிரித்தால் கன்னத்தில் குழி. பல்வரிசை, சொல்லத்தான் வேண்டும், பிரமாதம்.

டா. (எங்கள் டாக்டரம்மா) மூலையில் கிடந்த இரண்டாவது நாற்காலியைத் தூசி தட்டி ஜன்னல் ஓரம் போடச் சொன்னார். எட்டு வருஷமாக அந்த ஜன்னல் வெளிச்சம் என் நாற்காலிக்கு வந்தது. இப்போது அவள் முதுகு தாண்டி வருகிறது.

“மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும் ஞானம். சரியா வந்தா பெர்மனென்ட் பண்ணிடலாம். நீயும் பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லு.”

பாத்துச் சொல்ல வேண்டுமாம். பார்க்கிறேன், பார்க்கிறேன்.

2.2.82, செவ்வாய்

மேகம் காலையிலேயே வார்டுக்குள் நுழைந்துவிட்டது. இந்த ஊரில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி படுத்தும் பாடு சொல்லி முடியாது. வாய்க்குள் வைத்ததும் ஆவி படிந்துவிடும். கன்னத்தின் உள்பக்கம் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுப் பார்ப்பேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

புதுசு ஒரு டம்ளரில் வெந்நீர் வைத்துக் கண்ணாடியை அதில் போட்டு வைக்கிறாள். எடுத்து உதறி வாயில் வைக்கிறாள். ஆவி படியவில்லை. ஆளுக்குக் கூசவும் இல்லை. தையல்கடைக்காரர், என் நாற்காலியில் உட்கார்ந்தால் ஏதோ தூக்குமேடை மாதிரிக் கண்ணை மூடிக்கொள்பவர், அவளிடம் கேட்கிறார்: “என்னம்மா, உள்ள வச்சுட்டியா? வச்சதே தெரியல!”

இத்தனை வருஷத்தில் எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது வெந்நீர் வைத்துக் கண்ணாடியை என் வாயிலேயே வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். என் நாற்காலியில் பழைய வழக்கம்தான். அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக யாரும் சொல்ல வேண்டாம்.

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. ரவை வாங்கினேன், வண்டு.

4.2.82, வியாழன்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த நாள். சிவப்பு மருந்து நாள். வாயில் விட்டுக் கொப்பளித்தால் பல்லில் அழுக்கு இருக்கும் இடமெல்லாம் சிவப்பாகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிவப்புப் போகும்வரை பிரஷ் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டா. பல்லைப் பிடுங்குவார், அடைப்பார். பல்லைப் பிடுங்க வேண்டிய நிலைமை வராமல் பார்ப்பது எங்கள் வேலை. ஊரில் யாருக்கும் இது புரிவதில்லை. “பல்லு விளக்கி விடவா மெட்ராஸ் போயிப் படிச்சாக?” என்று அந்.ன் கூட்டாளிகள் இன்னும் கேட்கிறார்கள்.

என் வரிசை: அமைதி. வாயைத் திற, கொப்பளி, துப்பு, தேய், அடுத்த ஆள். யாரும் அழவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. வேலை சுத்தம்.

புதுசு வரிசை: சந்தைக்கடை. அவளே சிவப்பு மருந்தை வாயில் ஊற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து ஈ என்று இளிக்கிறாள். “இங்க பாருங்க, நான் வேப்பிலை அடிச்சாலும் போகாத பேய்! எங்க தோட்டத்து லயத்து வீட்டுல அடுப்புக்கரியிலதான் பல்லு விளக்குவோம். காலையில யாரு சிரிச்சாலும் கறுப்புப் பல்லு. சிரிக்காம இருக்கவும் ஏலாது!” பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகின்றன.

என் வரிசையில் நின்ற ஒரு குட்டிச் சிறுமி நழுவி அங்கே போய் நின்றுகொண்டாள். “ஏ புள்ள, இங்க வா” என்றேன். “அந்த அக்காட்ட காட்டிக்கிறேன் டீச்சர்” என்கிறது. அவள் அக்கா. நான் டீச்சர்.

டா. கதவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் வரிசையைப் பார்த்து என்றைக்காவது சிரித்திருக்கிறாரா? யோசித்துப் பார்த்தேன். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

5.2.82, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. 

கீழ்ப் பல்வரிசைக்குப் பின்னால் நாக்குக்கு ஏதோ தட்டுப்படுகிறது. காரை பிடித்திருக்கிறது, அழுக்கு இறுகிக் கல்லானது. விளக்கும்போது இரத்தம். ஊருக்கெல்லாம் சுரண்டி விடுகிறேன், எனக்கு யார் சுரண்டுவது? கண்ணாடியைப் பார்த்து நானே முயன்றேன். கை திரும்பவில்லை. ஈறில் குத்திக்கொண்டேன்.

டா. தேநீர் நேரத்தில்: “மன்னவனூர், பூம்பாறை கேம்ப் எல்லாம் செல்வராணியே பாத்துக்கட்டுமே ஞானம். பெர்மனென்ட் ஆனதும் குடுத்திடலாம்னு இருக்கேன். அந்தக் குளிர்ல உனக்கும் அலைச்சல் மிச்சம்.”

நல்லதுங்க டாக்டர் என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

எனக்கு அலைச்சலாமே! அந்த ஜீப்பில் பனியில் விறைத்து, மன்னவனூர் ஆட்டுப் பண்ணைக்காரர்களின் வாயை வெயில் பக்கம் திருப்பிவைத்துச் சுரண்டியவள் நான். உருளைக்கிழங்குச் சாக்கின் மேல் ஆளை உட்கார வைத்து வேலை பார்த்தேன். பூம்பாறையில் வெற்றிலை போடும் பெண்கள் முதலில் வாயையே திறக்க மாட்டார்கள். பல்லைச் சுரண்டினால் பல் ஆடிவிடும் என்று பயம். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி வர வைத்தேன். இப்போது ஒவ்வொருத்தி வாயும் எனக்கு மனப்பாடம். நான் உழுது போட்ட காட்டில் அவள் வந்து விதைப்பாளாம். 

அந்.இடம் சொன்னேன். “ஒனக்கு முட்டி வலின்னுதான சொன்ன? நல்லதாப் போச்சு” என்றார். இவரிடம் சொன்னேன் பார்.

7.2.82, ஞாயிறு

பூசை. கறி எடுத்தோம். கோயில் வாசலில் நாயுடுபுரம் பேக்கரிக்காரர் மனைவி பிடித்துக்கொண்டாள். “ஒங்க ஆஸ்பத்திரியில ஒரு புதுப் புள்ள வந்திருக்காமே, பஞ்சு மாதிரிக் கையாமே?” பஞ்சுக் கையா, முள்ளுக் கையா, போய் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். நான் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மதியம் முழுக்கத் தூக்கம். தலைவலி.

8.2.82, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

மாலையில் அந். மப்ளரும் தானுமாக வந்து உட்கார்ந்து, டிரைவர் ஒருவர் காலிப் பஸ்ஸை டெப்போவுக்குப் பதில் வத்தலக்குண்டுக்கு ஓட்டிக்கொண்டு போன கதையைச் சொல்லிச் சிரித்தார். சிரித்தவரின் வாயைப் பார்த்தேன். பல் வெளுத்திருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். பீடிக் கறை, காப்பிக் கறை, ஈறோரத்தில் மஞ்சள் காரை. ஒருநாள் வாங்க, ஒருநாள் வாங்க என்று நான் கெஞ்சாத மாதம் இல்லை. “பொண்டாட்டி முன்னால வாயைப் பொளந்துக்கிட்டு கெடக்கணுமா? போ புள்ள, சோலியப் பாரு” என்பார்.

“எங்க போனீங்க?” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்கு.”

“எப்ப?”

“நீ ஸ்டோருக்குப் பஞ்சு வாங்கப் போயிருந்தியாம். அந்தப் புள்ள சும்மாதான் உக்காந்திருந்துச்சு. உக்காருங்க அண்ணேன்னுச்சு. உக்காந்தேன்.”

“நான் கூப்பிட்டா வரமாட்டீங்க.”

“நீ கூப்பிடுறப்ப திட்டுற மாதிரியே கூப்பிடுற ஞானம். அது கத சொல்லிக்கிட்டே முடிச்சிருச்சு. கை பட்டதே தெரியல.” பிறகு, சமாதானமாக என்று நினைத்துக்கொண்டு: “நீயும் ஒருநா உக்காந்து பாரேன்.”

சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். பசி. இருந்தாலும் எழவில்லை.

9.2.82, செவ்வாய்

காலையில் அந்.இடம் பேசவில்லை. அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பூம்பாறை வெள்ளையம்மா வந்தாள். பெரியம்மா என்று கூப்பிடுவேன். பூண்டுக் காடு, நாலைந்து மாடு, பெரிய குடும்பம், பெரிய தொண்டை. அந்த ஊரிலிருந்து எனக்கு வாய் திறந்த முதல் ஆள். வருஷா வருஷம் தேருக்கு முன்னால் ஒரு தடவை வருவாள். வரும்போது ஒரு கட்டுப் பூண்டு.

நேராக ஜன்னல் ஓரம் போனாள். “ஒண்ணும் நெனச்சுக்காத தாயி. பஸ்ஸுல எல்லாருஞ் சொன்னாக. இந்தப் புள்ள கை நோவாதாமே. ஒரு வாட்டி பாக்கேன்.” பூண்டுக் கட்டைப் புதுசின் மேஜையில் வைத்தாள்.

பூண்டு பெரிய பூண்டு. நன்றாகக் காய்ந்தது.

விவரத்தை எழுதிவிடுகிறேன். பெரியம்மாவின் கீழ் முன்பற்கள் நாலும் வேர்ப் பிடிப்பு விட்டு ஆடிப்போனவை. பின்பக்கம் வெற்றிலைச் சுண்ணாம்புக் காரை சுவர் மாதிரிக் கட்டி நிற்கிறது. அந்தச் சுவர்தான் நாலையும் பிடித்து வைத்திருக்கிறது. புத்தகப்படி அதை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் டா.இடம் காட்டி, பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டு எடுக்க வேண்டும். பெரியம்மா கம்பி வேண்டாம் என்பாள். அதனால் நான் மேலே மட்டும் தட்டிவிட்டு அடிக் காரையில் கை வைக்க மாட்டேன். அவள் வாயில் அது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

நான் என் இடத்தில் நின்று கருவிகளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். புதுசு மேல்வரிசையை முடித்தாள். கீழ்வரிசைக்கு வந்தாள். கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பார்த்தாள்.

“சரியான கெட்டியா இருக்குதுங்க அக்கா.”

நான் “ம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இரு, டா. வரட்டும் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. அந்.ன் வெளுத்த பல் கண்முன் வந்தது. பூண்டுக் கட்டு வந்தது. பெரிய படிப்புப் படித்தவள், கேட்டு வாங்கிக்கொள்ளட்டுமே என்று தீட்டுகிற கையை நிறுத்தாமல் நின்றேன். 

கிண்ணத்தில் காரை விழும் சத்தம் எனக்குத் தெரியும். சின்னத் துண்டு என்றால் மணல் விழுகிற மாதிரி. இது கல் விழுந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று.

பெரியம்மா எழுந்து கொப்பளித்தாள். நாக்கால் துழாவிப் பார்த்தாள். “லேசாக் கெடக்கு வாயி” என்று சிரித்தாள். அவள் போகும்போது நான் நிமிரவில்லை.

10.2.82, புதன்

மழை மாதிரி மேகம், மழை இல்லை. மின்சாரம் இல்லை. நோயாளிகள் குறைவு. நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகாது. வயதானால் பல் ஆடத்தான் செய்யும்.

அந். முறுக்கு வாங்கி வந்தார். பேசினேன்.

12.2.82, வெள்ளி

அந். வந்து சொன்னது: பூம்பாறைப் பஸ்ஸில் ஒரே பேச்சாம். தேரன்றைக்கு வெள்ளையம்மா கரும்பைக் கடித்திருக்கிறாள். இரண்டு பல் கையோடு வந்துவிட்டதாம். மிச்ச இரண்டும் ஆடுகிறதாம். “ஒங்க ஆஸ்பத்திரியில காரைய எடுக்கேன்னு பல்லையே எடுத்துப்புட்டாகன்னு கண்டக்டர் வரைக்கும் சொல்றான். யாரு பாத்தது, நீயா?”

“நான் இல்லை” என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன்!

முதலில் வந்தது சந்தோஷம். பொய் எழுதி என்ன ஆகப் போகிறது, இதை நான்தான் படிக்கப் போகிறேன். மார்புக்குள் சின்னதாக ஒரு துள்ளல். பிறகு அந்த இரண்டு பல்லும் ஞாபகம் வந்தன. இடப்பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பியிருக்கும். அதில் என் கருவி சரியாக உட்காராது. மணிக்கட்டைச் சாய்த்துப் பிடிப்பேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நான் வீடு வீடாகப் போய்ப் போக்கிய பயம், சுரண்டினால் பல் ஆடும் என்ற பயம், ஒரே பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டது.

15.2.82, திங்கள்

நினைத்தபடியே வந்தார்கள். பெரியம்மா முக்காட்டால் வாயைப் பொத்தியிருந்தாள். மகன் வெளியே வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டான். “எவ அவ? எங்காத்தா பல்லுல கை வச்சவ எவ? தேருக்கு வந்த சொந்தக்காரன் முன்னால பொக்க வாயா நிக்கிது!”

டா. அவர்களை உட்கார வைத்து, வாயைப் பார்த்தார். ஆடுகிற இரண்டையும் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார். பெரியம்மா இந்தத் தடவை கம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் விளக்குப் பிடித்தேன். அவள் கண் விளக்கைப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபின் டா. எங்களை அறைக்குள் கூப்பிட்டார்.

“காரை அவ்வளவு கெட்டியா இருந்தா எங்கிட்டக் காட்டணும்னு உனக்குத் தோணலையா செல்வராணி?”

புதுசு அழவில்லை. முகம் மட்டும் சுண்ணாம்பாகிவிட்டது. “பல்லு ஆடலைங்க டாக்டர், காரை பிடிச்சிருந்ததுல தெரியல. தப்புத்தாங்க. அக்காவும் பக்கத்துலதான் நின்னாங்க. தப்பா இருந்தா அக்கா ஒரு சத்தம் குடுத்திருப்பாங்கன்னு...”

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்தது திங்கட்கிழமை என்கிற மாதிரிச் சொன்னாள்.

டா. என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியா ஞானம்?”

“இல்லைங்க டாக்டர். நான் கருவி தீட்டிக்கிட்டு இருந்தேன்.”

புதுசு என்னைப் பார்த்தாள். அவள் கெட்டி என்று சொன்னது, நான் ம் என்றது, எல்லாம் அவள் கண்ணில் வந்து போனது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாங்க டாக்டர். அக்கா பாக்கல போல.”

மாசக் கடைசியோடு அவளை அனுப்பிவிடுவதாக டா. முடிவு செய்துவிட்டார். அவளிடம் சொல்லிவிட்டு, எனக்குத் தனியாகச் சொன்னார். பாவம் டாக்டர், சின்னப் பெண் என்றேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷப்பட முயன்றேன். ஏரி முழுக்க மேகம். வரவில்லை.

16.2.82, செவ்வாய்

பூம்பாறைப் பஸ்ஸிலிருந்து எங்களிடம் ஒருவரும் இறங்கவில்லை. பெயர் கொடுத்திருந்தவர்களும் வரவில்லை. என் நாற்காலியும் காலி, அவள் நாற்காலியும் காலி. இரண்டு பேரும் இரண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

“எங்கம்மாக்கு இன்னும் சொல்லலைங்க” என்றாள் திடீரென்று. “இங்க வேலைக்குச் சேர்ந்ததும் தோட்டத்துல எல்லாருக்கும் பேக்கரிப் பாண் வாங்கிக் குடுத்தாங்க அம்மா. இனி எந்த முகத்தோட போய்க் கதைக்கிறது.”

நான் சாணைக்கல்லுக்கு எண்ணெய் விட்டேன். கல்லில் ஏற்கெனவே எண்ணெய் இருந்தது.

நாக்கு இன்னும் அந்த இடத்துக்கே போகிறது. இன்றும் இரத்தம்.

17.2.82, புதன்

உறைபனி மறுபடியும். அந்.க்கு இருமல். கஷாயம்.

முதல் பஸ்ஸில் பெரியம்மா. மகன் இல்லை, தனியாக. கட்டிய கம்பியைப் பார்க்க டா. வரச் சொல்லியிருந்தார். டா. வார்டில் இருந்தார். கம்பி முனை உதட்டில் உரசுகிறது என்றாள். நான் ஓடிப்போய் என் நாற்காலியைத் துடைத்தேன். வெந்நீர் வைத்துக் கண்ணாடியை அதில் போட்டேன். ஆமாம், போட்டேன்.

“உக்காருங்க பெரியம்மா, நான் பாக்கிறேன்.”

உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். 

“ஏ ஆத்தா, அன்னிக்கு நான் வாயத் தொறந்துக்கிட்டு கெடந்தேன். பேச ஏலாது. கண்ணு தொறந்துதான கெடந்துச்சு? ஒன் மூஞ்சி எனக்கு நேராத்தான இருந்துச்சு?”

துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தேன்.

“அந்தப் புள்ள ஒங்கிட்டக் கேட்டுச்சு. நீ ம்முன்ன. எம் பல்லு சேதி ஒனக்குத் தெரியும். வருசா வருசம் அடியில கை வைக்காம விடுவ. அன்னிக்கு நீ பாத்துக்கிட்டே நின்ன.” குரலைத் தூக்கவில்லை. இவ்வளவு பெரிய தொண்டைக்காரி குரலைத் தூக்காமல் பேசி இன்றைக்குத்தான் கேட்டேன். “எம் மகங்கிட்ட நான் சொல்லல. சொன்னா இங்க வந்து ஆடுவான். போன பல்லு போச்சு.”

பிறகு ஜன்னல் ஓரம் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நீயே பாரு புள்ள. நீ தெரியாமச் செஞ்ச.”

செல்வராணி எழுந்து வந்தாள். விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் போய்ப் பிடித்தேன். வேறென்ன செய்ய. பெரியம்மா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எத்தனை ஆயிரம் வாயைப் பார்த்திருப்பேன். வாய்க்கு மேலே கண் இருக்கிறது என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா.

சாப்பாட்டு நேரத்தில் டா. அறைக்குப் போனேன். பார்த்தேன், தெரிந்தே சொல்லாமல் விட்டேன், அன்றைக்குக் கேட்டபோதும் பொய் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டார். 

“பொறாமைங்க டாக்டர்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போ, வேலையைப் பார்” என்றார். நான் திட்டைத்தான் எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

18.2.82, வியாழன்

வெயில். அந்.க்கு இருமல் தேவலை. மண்ணெண்ணெய் கிடைத்துவிட்டது, கடைசியில்.

டா. காலையில் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னது: செல்வராணி இருக்கிறாள். பெர்மனென்ட். கேம்ப் அவளுக்கு. பூம்பாறைக்கு மட்டும் நான் கூடப் போக வேண்டும், வீடு வீடாக, முதலிலிருந்து. சரிங்க டாக்டர் என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். இது எத்தனை நாளைக்கோ.

காலை முழுக்கக் காத்திருந்தேன், அவள் ஒரு வார்த்தை திட்டுவாள் என்று. பஞ்சு உருட்டிக்கொண்டே கடைசியில் சொன்னாள்: “ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேக்கா.” அவ்வளவுதான். கன்னத்தில் குழி இல்லை.

மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய்க்கு வாய் பார்க்கிற உத்தியோகம், என் வாய் வரவில்லை. 

சாயங்காலம் ஆள் ஓய்ந்தபின் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். “கீழ்ப்பல்லுக்குப் பின்னால என்னமோ தட்டுது. எனக்குக் கை எட்டல” என்றேன். அவள் நின்று பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். கட்டினவரை ஒன்பது வருஷமாகக் குற்றம் சொன்னேனே, இப்படி வாயைப் பிளந்துகொண்டு ஒருத்தி முன்னால் கிடப்பது எவ்வளவு கூச்சம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடித்தது. கண்ணை மூடவில்லை.

டம்ளரிலிருந்து கண்ணாடியை எடுத்து உதறினாள். இளஞ்சூடு.

“காரை இருக்குதுங்க அக்கா. கெட்டியா இருக்குது.” நிறுத்தினாள். “எடுக்கவா, விட்டுடவா?”

வாயில் கண்ணாடி, பக்கத்தில் பஞ்சு, என்னத்தைச் சொல்ல? ம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தலையை ஆட்டினேன்.

எடுத்தாள். வலிக்கவே இல்லை. பாவி மகள், கை பட்டதே தெரியவில்லை.